ரத்தக்காட்டேரி ஓய்வு பெறுகிறார்

ஹல் நகரம், மீன்சந்தைத் தெரு அரங்கின் மூத்த நடிகர் திரு. சைலஸ் பென்னிஃபோல்ட் அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் வாசித்தளித்த பாராட்டு மடல்

துறைமுகத்தின் தூக்கத்தையெல்லாம் கெடுத்துவிட்டுத் தான் மட்டும் துளியும் கெடாத தூயவரே! மேடையில் மிரட்டி, மேடைக்குப் பின்னால் மிட்டாய் கொடுத்தவரே! சவப்பெட்டியில் படுத்துச் சம்பாதித்து, சக நடிகர்களின் சங்கடங்களையெல்லாம் சத்தமில்லாமல் சுமந்தவரே! வெள்ளை மாவு பூசிய முகத்துக்குள் வெள்ளை மனசை ஒளித்துவைத்தவரே! எங்கள் பிரபுவே, பென்னிஃபோல்ட் ஐயா!

வணக்கம். இதை வாசிப்பது விக்ஸ். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து திரைமறைவில் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு முணுமுணுத்தே பழகிய தொண்டை இது. இன்றைக்குத்தான் முதல் முறையாக ஊர் கேட்க உரக்கப் பேசுகிறது. தடுமாறினால் எடுத்துக்கொடுக்க ஆளில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, ரத்தக்காட்டேரிகளை எழுதியவர்கள் எல்லாரும் பெரிய மனிதர்கள். தூர தேசம் போய்வந்த கவிஞர்கள், வாராவாரம் கதை எழுதி மக்களை அலறவைக்கும் பத்திரிகைக்காரர்கள், லண்டன் நாடகாசிரியர்கள். அவர்கள் எழுதும் காட்டேரி எப்போதும் ஒரு பிரபு. உயரமாக இருப்பார், வெளிறியிருப்பார், நல்ல தையல்காரரிடம் துணி தைத்திருப்பார். விருந்துக்கு அழைத்தால் வருவார், எதையும் சாப்பிடமாட்டார். வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்பார். சுட்டாலும் சாகமாட்டார், நிலவொளி மேலே பட்டால் எழுந்து உட்கார்ந்து கையுறையைச் சரிசெய்துகொள்வார். இவரைக் கண்டால் வெறுக்க வேண்டும் என்று எழுதியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். இவருக்கும் பசிக்கும் ஐயா, இவருக்கும் போக இடமில்லை ஐயா என்று காட்டியவர் நீங்கள். இருபது ஆண்டுக்கு மேலாக, அஞ்சல் வண்டியில் எந்தக் காட்டேரி வந்திறங்கினாலும் அவருக்கு உடம்பு கொடுத்தீர்கள்.

அதற்கு ஊர் உங்களுக்குக் கொடுத்த பரிசும் எங்களுக்குத் தெரியும். குடியிருக்க அறை கேட்டால் வீட்டுக்காரியம்மா கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். ஒருத்தி உங்கள் தலையணைக்கடியில் பைபிளை வைத்துவிட்டாள். நீங்கள் அதை எடுத்துப் படித்து முடித்துவிட்டு, எழுத்து பொடிசாக இருக்கிறது, வேறு இருந்தால் கொடுங்கள் என்று கேட்டீர்கள். கறிக்கடைக்காரன் சந்தை நடுவில் நின்று, "என்ன பிரபு, கறி வேணுமா, இல்ல ரத்தம் மட்டும் போதுமா?" என்றான். "உன் கடை ரத்தத்துல தண்ணி கலந்திருக்கும். கறியையே கொடு" என்றீர்கள். சிரித்தவர்களில் அவனும் ஒருவன்.

கழுத்தைக் கடிக்கும் காட்சி இருக்கிற நாளில் நீங்கள் வெங்காயம் தொட்டதில்லை. புதிதாக வந்த நடிகை எவளாக இருந்தாலும், மயங்கிச் சரியும்போது அவள் பாரம் முழுவதும் உங்கள் முழங்காலில் விழும்படி தாங்கிக்கொள்வீர்கள். "பயப்படாம சாயும்மா, நான் புடிச்சிருக்கேன்" என்று காட்டேரியே காதில் சொல்வது எந்த ஊர் மேடையில் நடக்கும்?

இப்போது அந்த முழங்கால்கள்தான் போய்விட்டன. வைத்தியர் இனிமேல் மேடை ஏறக்கூடாது என்றுவிட்டார். ஆகவே இந்த விழா.

இந்த இடத்தில் மற்ற மடல்கள் நேராக வாழ்த்துக்குப் போய்விடும். நாங்கள் போகவில்லை. காரணம் முதல் வரிசையில் இருக்கிறது. உங்கள் மகள் டார்கஸ் அம்மாள் இருக்கிறார். பக்கத்தில் அவர் கணவர், கப்பல் சாமான் வியாபாரி, பிரார்த்தனைச் சபையின் மூப்பர், திரு. ஒபதையா ஸ்ட்ரோதர் இருக்கிறார். இருவருமே இந்தக் கட்டிடத்துக்குள் இன்றுதான் காலெடுத்து வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை திரு. ஸ்ட்ரோதர் நம் கொல்லைக் கதவுவரை வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, உள்ளே வரவுமில்லை. வாசலில் நின்றபடியே முதலாளியம்மா திருமதி ஸ்கெல்டனிடம் பேசினார். மாமனாரை வீட்டில் வைத்துக்கொள்வதில் தனக்கு மறுப்பில்லை என்றார். "ஆனா பிசாசு மேல ஊருக்கே இரக்கம் வர வெச்ச மனுஷர் அவர். அதுக்கு வெட்கப்படறேன்னு, அதைப் பார்த்தவங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"இரக்கப்படறது தப்பா, மிஸ்டர் ஸ்ட்ரோதர்?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"இரக்கம் தப்பில்லம்மா. அது போய்ச் சேர்ந்த இடம் தப்பு."

சொன்னவர் கெட்டவர் இல்லை. போன குளிர்காலத்தில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர்களுக்குத் தன் கடைக் கம்பளிகளை அள்ளிக் கொடுத்தவர் அவர். நம்புவதைச் சொல்கிறார். ஆனால் ஐயா, அந்த வார்த்தையை நீங்கள் சொன்னால் மகளோடும் பேத்தியோடும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பீர்கள். சொல்லாவிட்டால் ஊராட்சியின் முதியோர் விடுதி. அங்கே கட்டில் உண்டு, கஞ்சி உண்டு. பேத்தி மட்டும் கிடையாது. நான்கு நாளாக நீங்கள் சொல்வேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தேநீரைக் கலக்கிக் கலக்கி ஆறவைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகையால், நீங்கள் வாய் திறக்கும் முன் நாங்கள் திறக்கிறோம். அந்த இரக்கம் எங்கிருந்து வந்தது என்பதைத் திரு. ஸ்ட்ரோதர் கேட்கவேண்டும். அவருக்காகச் சொல்வதால், இனிக் கொஞ்ச நேரம் உங்களை யாரோ மூன்றாம் மனிதரைப்போல வைத்துப் பேசப்போகிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பென்னிஃபோல்ட் இந்த ஊருக்கு வந்தபோது மனைவியைப் பறிகொடுத்து ஓராண்டுகூட ஆகவில்லை. கையில் ஒரு பெட்டி, தோளில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. அரங்கில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் தூதுவன் வேஷம், வேலைக்காரன் வேஷம். வந்து, வணங்கி, கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்.

அரங்கமும் அப்போது நொண்டிக்கொண்டிருந்தது. போட்ட நாடகமெல்லாம் படுத்துவிட்டது. "இன்னொண்ணு விழுந்தா கதவைச் சாத்திட்டு நான் மீன் விக்கப் போறேன்" என்று முதலாளியம்மா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் லண்டனிலிருந்து 'நிலவறைப் பிரபு' என்ற நாடகம் வந்தது. காட்டேரியாக நடிக்க இருந்தவர் சவப்பெட்டியைப் பார்த்ததும் லீட்ஸ் நகருக்கு ஓடிவிட்டார். அளவெடுத்துப் பார்த்ததில் அந்தப் பெட்டி பென்னிஃபோல்டுக்குச் சரியாக இருந்தது. அவர் கதாநாயகன் ஆனது இப்படித்தான்.

நாடகக்காரர்களான எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் சொல்லமாட்டோம். முதல் காட்சி நடக்கும்முன் அதைச் சொல்லிவிட்டால் நாடகம் அன்றைக்கே முடிந்துபோகும் என்பது எங்கள் பயம். கடைசி வரி யாருடையதோ அவர் அந்த இடம் வந்ததும் "லா லா லா" என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார். அடுத்தவரும் மரியாதையாகத் தலையாட்டுவார். எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து இப்படித்தான்.

இந்த நாடகத்தின் கடைசி வரி கதாநாயகியின் தகப்பனாருடையது. அந்த வேஷம் எங்கள் நடிகர் கார்பட்டுக்கு. ஒவ்வொரு நடிகருக்கும் அவரவர் வசனத்தை மட்டும் தனித்தனியாக எழுதிக் கொடுப்பது விக்ஸின் வேலை. அதாவது, இதை வாசிக்கும் இந்த மனிதனின் வேலை. எழுதும்போது விக்ஸுக்கு ஒரு யோசனை. சொல்லக்கூடாத வரியை எழுதலாமா? எழுதுவதும் பாதி சொல்வதுதானே? எதற்கு வம்பு, முதல் காட்சியன்று முதலாளியம்மா அவர் காதில் சொல்லிவிடுவார் என்று விட்டுவிட்டான். முதலாளியம்மா, விக்ஸ் எழுதிக்கொடுத்திருப்பான் என்று இருந்துவிட்டார். கார்பட்டோ, கடைசி வரி என்றாலே "லா லா லா"தான் என்று நாள் தவறாமல் அழகாக இழுத்துக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்தவர்கள் எல்லாரும், கார்பட் மாதிரி கடைசி வரியைக் காப்பாற்றுகிறவர் உண்டா என்று மெச்சினோம். அந்த மனிதருக்கு இழுக்க மட்டும்தான் தெரியும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் காட்சி. கூட்டம் வந்திருந்தது, ரசிக்க வந்ததா, ஆரஞ்சுத் தோல் எறிய வந்ததா என்பது போகப் போகத்தான் தெரியும். மாடி இருக்கைகளில் மீன்காரப் பெண்கள், கீழே மாலுமிகள். கதை ஓடியது. கடைசியில் பிரபுவின் நெஞ்சில் கத்தி இறங்கியது. பென்னிஃபோல்ட் தன் இடத்தில் போய் விழுந்தார்.

அந்த இடத்தில் மேடைப் பலகையில் ஓர் இரட்டைக் கதவு இருக்கிறது. கீழே இருப்பவர்கள் தாழ்ப்பாளை இழுத்தால், மேலே கிடக்கும் ஆள் தரைக்குள் கரைந்ததுபோல் மறைந்துவிடுவார். தச்சர் லெங்கும் அவருடைய ஆட்களும் கீழே கம்பளியை விரித்துப் பிடித்திருப்பார்கள். விழுகிறவரைக் கம்பளி தாங்கும். முழங்கால்தான் தாங்காது; அது பிற்பாடு தெரிந்தது. லெங்குக்கு மேலே நடப்பது எதுவும் தெரியாது. கடைசி வரி காதில் விழுந்ததும் இழுக்கவேண்டும், அவ்வளவுதான்.

கார்பட் முன்னால் வந்தார். கையைத் தூக்கினார். வாயைத் திறந்தார். "லா" என்றார்.

அதற்குமேல் அவரிடம் ஒன்றுமில்லை. விக்ஸைப் பார்த்தார். விக்ஸ் கையிலிருந்த பிரதியைப் புரட்டினான். அவசரத்தில் பக்கம் கிடைக்கவில்லை. மாடியிலிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. "என்னய்யா, பல்லுவலியா?" என்றான் ஒரு மாலுமி. சிரிப்பு கிளம்பியது. விளக்குக்காரர் தன் கணக்குப்படி வாயு விளக்குகளை ஒவ்வொன்றாகத் தாழ்த்தத் தொடங்கிவிட்டார். கீழே லெங்க், "என்னடா ஆச்சு, மேல எல்லாரும் நெஜமாவே செத்துட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மூச்சு நேரம் போயிருந்தால் நாடகமும் போயிருக்கும், அரங்கமும் போயிருக்கும்.

அப்போது, செத்துக் கிடந்தவர் தலையைத் திருப்பினார். மேலே தாழ்ந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தார். பிரபுவின் குரல் இல்லை அது. மிகச் சின்னக் குரல்.

"விளக்க அணைச்சிடாதீங்க. எனக்கு இருட்டுன்னா பயம்."

இதுதான் அந்த வரி போலிருக்கிறது என்று லெங்க் தாழ்ப்பாளை இழுத்தார். பென்னிஃபோல்ட் மறைந்தார். விளக்குகளும் அணைந்துவிட்டன. அரங்கம் முழுக்க இருட்டு.

முதலில் குரல் கொடுத்தது மாடியில் இருந்த ஒரு மீன்காரம்மா. "அட பாவிங்களா, அந்த விளக்க ஏத்துங்கடா! கேக்குறான்ல!" அவள் குரலோடு சேர்ந்து மொத்த மாடியும் எழுந்தது. விளக்குகளை ஏற்றும்வரை அவர்கள் விடவில்லை. ஏற்றியபோது, பல் விளக்காத முரட்டு மாலுமிகள் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாடகம் குளிர்காலம் முழுவதும் ஓடியது. முதலாளியம்மா மீன் விற்கப் போகவில்லை. இங்கே நிற்கும் ஒவ்வொருவரும் அன்று முதல் தின்ற ரொட்டியில் அந்த வரி இருக்கிறது.

காட்சி முடிந்ததும் முதலாளியம்மா கீழே ஓடினார். கம்பளியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார் பென்னிஃபோல்ட். எங்கிருந்து பிடித்தீர் அதை என்று அம்மா கேட்டார்.

"எம்பொண்ணு சொல்றது. நான் கெளம்புறப்பெல்லாம் சொல்லும். வேற எதுவும் வாயில வரலம்மா."

அவர் குடியிருந்த வீட்டுக்காரியம்மாள் சிக்கனக்காரி. அவர் தெருமுனை திரும்புவதற்குள் குழந்தையின் அறை மெழுகுவர்த்தியை ஊதிவிடுவாளாம். அவருக்கும் தெரியும். வேலைக்குப் போகாமலும் முடியாது.

திரு. ஸ்ட்ரோதர் அவர்களே, நீங்கள் சொல்லும் அந்த இரக்கம் இதுதான். ஊர் அழுதது பிசாசுக்காக இல்லை. தகப்பன் வேலைக்குப் போனபின் இருட்டில் படுத்திருந்த ஒரு சின்னப் பெண்ணுக்காக. அந்தப் பெண் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இதை அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டாம் என்று அவருடைய அப்பா எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்று அவர் பேச்சை மீறிவிட்டோம்.

பென்னிஃபோல்ட் ஐயா, மறுபடி உங்களிடம் வருகிறோம். இவ்வளவும் சொன்னபிறகும் உங்கள் மருமகன் அந்த வார்த்தையைக் கேட்டால், சொல்லிவிடுங்கள். உங்கள் காட்டேரியை நீங்கள் கைவிட்டதாக நாங்கள் நினைக்கமாட்டோம். உண்மை இல்லாததை உரக்கச் சொல்லித்தான் நாம் எல்லாரும் இங்கே பிழைத்தோம். இந்த மேடையில் நீங்கள் சொன்ன பொய்களிலெல்லாம் அது சின்னதாகத்தான் இருக்கும். விடுதிக் கட்டிலில் நீங்கள் மானத்தோடு படுத்திருப்பதைவிட, வெட்கப்பட்டதாகச் சொல்லிவிட்டு வீட்டில் பேத்தியோடு இருப்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

இனி வாழ்த்து. ஆனால் எந்த வீட்டில் நீடு வாழ்க என்று வாழ்த்துவது? அது தெரியாததால் கீழே இடம் விட்டிருக்கிறோம்.

மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு முன் சேர்த்தது:

ஐயா, அன்று நடந்ததை நீங்கள் மறந்துவிடப் போவதில்லை. இருந்தாலும் சுவரில் மாட்டுகிற மடலில் அது இருக்கவேண்டும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

விக்ஸ் வாசித்து முடித்ததும், நீங்கள் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தீர்கள். லெங்க் தாங்க வந்தார். வேண்டாம் என்று தலையாட்டினீர்கள். மேடை ஓரம்வரை நடந்து வந்து, எங்களைப் பார்க்காமல் முதல் வரிசையைப் பார்த்தீர்கள்.

"மிஸ்டர் ஸ்ட்ரோதர், எனக்கு வெட்கம் இருக்கு. நீங்க கேட்ட மாதிரி எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். அந்த வேஷத்துக்காக இல்ல. அதை நான் நல்லாத்தான் செஞ்சேன். என் புள்ள பயமா இருக்குன்னு சொன்னுச்சு. அந்த வார்த்தையை எடுத்துட்டு வந்து இங்க கைதட்டல் வாங்கினேன். புள்ளைய அங்கேயே விட்டுட்டேன். அதுக்கு வெட்கப்படறேன்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். திரும்பிப் போய் உட்காரவும் முடியாமல் அங்கேயே நின்றீர்கள்.

டார்கஸ் அம்மாள் கைக்குட்டையை எடுக்கவில்லை. கன்னம் நனைந்திருந்தது. "நீங்க படியேறி வர்ற சத்தம் கேட்டதும் தூங்கிடுவேன்ப்பா" என்றார். "கேக்குற வரைக்கும்தான் பயம்."

திரு. ஸ்ட்ரோதர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவர் குரல் எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இதையெல்லாம் நீ ஏன் என்னிடம் சொல்லவே இல்லை என்று கேட்டார்போலிருக்கிறது. அம்மாள் சொன்ன பதில் மட்டும் எல்லாருக்கும் கேட்டது: "அவரைப் பத்தி நீங்க என்னைக்கு என்கிட்ட கேட்டிருக்கீங்க?"

மூப்பருக்குத் தான் கேட்ட வெட்கம் கிடைத்துவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத மனிதரைப்போல இருந்தார். பிறகு எழுந்து, மேடைக்கு அருகில் வந்து, உங்கள் முகத்தைப் பார்க்காமல் உங்கள் கால்களைப் பார்த்தார்.

"மாடிப்படி ஏற முடியுமா உங்களால?"

"முடியாது" என்றீர்கள்.

"மாடி அறையைத்தான் தயார் பண்ணி வெச்சிருக்கோம்." கொஞ்சம் யோசித்தார். "கீழ் அறை நிறையக் கயிறு கெடக்கு. எல்லாத்தையும் கிடங்குக்கு மாத்தணும். எப்படியும் இன்னைக்கு முழுக்க ஆகும்."

லெங்க் ஏற்கெனவே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கார்பட்டும், விக்ஸும், விளக்குக்காரரும், திரைச்சீலை இழுப்பவர்களும் அவர் பின்னால் போனார்கள். வாழ்க்கையில் ஒரு நாடகம்கூடப் பார்க்காத மூப்பர், நாடகக்காரர்கள் முன்னே நடக்க, அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே தன் வீட்டுக்குப் போனதை மீன்சந்தைத் தெரு நின்று பார்த்தது.

இப்போது வாழ்த்தலாம்.

எங்கள் பிரபுவே! நீங்கள் உடம்பு கொடுத்தவர்களுக்கெல்லாம் சாவில்லை. உங்களுக்கு அவ்வளவு பெரிதாக நாங்கள் கேட்கவில்லை. தாரும் சணலும் மணக்கும் அந்தக் கீழ் அறையில், முழங்கால் நோவு தணிந்து, மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டு, பேத்தி மடியில் ஏறி உங்கள் மூக்கைப் பிடித்து இழுக்க, பல காலம் சுகமாக இருங்கள். திரு. ஸ்ட்ரோதர் சபைக்கு அழைத்தால் போங்கள். பாடத் தெரியாவிட்டாலும் வாயசையுங்கள், கார்பட் கற்றுத்தருவார். எங்களை மறந்தாலும் பரவாயில்லை. இருட்டுமுன் வீட்டுக்கு முதலில் வந்து சேர்கிறவராக இனி நீங்கள் இருங்கள்.

அன்புடன்,
மீன்சந்தைத் தெரு அரங்கின் முதலாளியம்மா, நடிகர் நடிகையர், தச்சர்கள், விளக்குக்காரர், தையற்காரர்கள், மற்றும் விக்ஸ்